மீதியை வெள்ளித்திரையில் காண்க

கதை கேட்கும் விருப்பம் மனிதனுக்கு இயற்கையாக அமைந்தது. இரவு நேரத்தில் பாட்டி கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பேரப்பிள்ளைகள் அவளைச் சூழ்ந்து அமர்ந்திருக்கின்றனர். காட்டில் வழி தவறிய அரசகுமாரன் ஓர் இருண்ட குகையின் வாயிலை அடைகின்றான். அந்த இடத்தில் பாட்டி சற்றே நிறுத்தி, வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிறாள். உடனே, "அப்புறம் என்ன ஆயிற்று, பாட்டி?" என்று பிள்ளைகள் ஒருங்கே கேட்கின்றனர். முன்பே அக்கதையைக் கேட்டறிந்த மூத்த பையன் ஒருவன் அவ்வேளையில் வாய் திறந்து, குகைக்குள் இருந்தது இன்னதென்று சொல்லிவிட்டால், மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சினம் உண்டாகும்! அவர்கள் கைப்பொருள் எதனையும் இழக்கவில்லை. கதையிலும் ஒரு சொல் குறைந்துவிடவில்லை. எனினும், தங்களுக்கு உரிய ஒன்றை அவன் பறித்துக்கொண்டான் என்றே அவர்கள் எண்ணுவர். அங்ஙனம் எண்ணுதல் தவறும் அன்று.

இக்காலத்தில் அம்மூத்த பையன் செய்த வேலையைச் சில வேளைகளில் திரைப்பட முன்னோட்டங்கள் செய்துவிடுகின்றன. முன்னோட்டம் என்பது, வெளிவரவிருக்கும் ஒரு படத்தினின்றும் சில காட்சிகளைத் தெரிந்தெடுத்து, இரண்டு மூன்று நிமிடங்களில் காட்டும் விளம்பரப் படம். இதனை டிரெய்லர் என்றும் வழங்குவர். படத்தைக் காண வருமாறு மக்களை அழைப்பதே இதன் பயன். அழைப்பவர் வீட்டினுள் இருப்பதை ஓரளவு சொல்லித்தான் அழைத்தல் வேண்டும். ஆனால், எவ்வளவு சொல்லுதல் தகும்? எதனைச் சொல்லாது விடுதல் வேண்டும்? இவ்வினாக்கள் எளியவை போலத் தோன்றினும், ஆராயுந்தோறும் விரிந்துகொண்டே செல்லும்.

தமிழ்நாட்டில் நம் பாட்டனார் காலத்துத் திரையரங்குகளில் பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. சில பக்கங்களே கொண்ட அச்சிறு நூலில் நடிகர் பெயர்களும், பாடல்களும், கதைச் சுருக்கமும் இருக்கும். கதைச் சுருக்கம் விறுவிறுப்பாகச் சென்று, கதைத்தலைவனுக்கோ தலைவிக்கோ பெருந்துன்பம் நேரும் இடத்தில் திடீரென நின்றுவிடும். அதன்கீழ், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று அச்சிட்டிருப்பர். அப்புத்தகத்தை எழுதியவர் பெயரை எவரும் நினைவில் வைத்ததில்லை. ஆயினும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். இன்றைய முன்னோட்டம் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த ஒரு வரியே நல்லதொரு தொடக்கம் ஆகும்.

முன்னோட்டத்தின் வரலாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அமெரிக்க நாட்டில் மார்கஸ் லோ என்பவருக்குப் பல திரையரங்குகள் இருந்தன. அவற்றின் விளம்பரப் பணியைக் கவனித்துவந்தவர் நில்ஸ் கிரான்லண்டு. அவர் 1913-ஆம் ஆண்டில், நியூயார்க்கு நகரில் நடக்கவிருந்த ஓர் இசை நாடகத்திற்காகச் சிறு படம் ஒன்றை ஆக்கித் திரையரங்கில் காட்டினார். நாடக ஒத்திகைக் காட்சிகள் அதில் இடம்பெற்றன. முதல் முன்னோட்டம் இதுவே எனப் பலரும் கூறுவர். தொடக்கத்தில் இத்தகைய விளம்பரங்கள் படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டன. ஆதலின், பின்தொடர்ந்து வருவது என்னும் பொருளுடைய டிரெய்லர் என்ற பெயர் அவற்றிற்கு அமைந்தது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுதல் இயல்பன்றோ? அதனால் பிற்காலத்தில் அவற்றைப் படத்திற்கு முன்னரே காட்டலாயினர். இடம் மாறியும் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. தமிழிலோ முன்னோட்டம் என்னும் பெயர் அதன் இன்றைய இடத்திற்கும் பயனுக்கும் பொருத்தமாக அமைந்துள்ளது.

1919-ஆம் ஆண்டில், படக்கம்பெனிகளுக்கு முன்னோட்டம் தயாரித்து அளிப்பதற்கென்றே ஒரு நிறுவனம் அமெரிக்காவில் தோன்றியது. அக்காலம் முதல் இது தனித்தொழிலாக வளர்ந்தது. இன்றும் பெரும் படங்கள் பலவற்றின் முன்னோட்டத்தை அவற்றின் இயக்குநர் அமைப்பதில்லை. விளம்பரத்துறையினரும் அவர்கள் அமர்த்தும் தொகுப்பாளருமே அமைக்கின்றனர். படம் முழுவதும் தொகுத்து முடிவதற்கு முன்னரே அவர்கள் தம் வேலையைத் தொடங்குவதுண்டு. இதனால், முன்னோட்டத்தில் கண்ட காட்சி படத்தில் இல்லாமற் போவதும், இயக்குநர் மறைத்துவைக்க எண்ணியது முன்னோட்டத்தில் வெளிப்பட்டுவிடுவதும் நிகழ்கின்றன. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' என்னும் ஆங்கிலப் படம் இதற்குச் சான்று. அதன் நடுவே வரும் ஒரு பெருந்திருப்பத்தை மக்கள் அறியாதிருப்பர் என்று கருதியே இயக்குநர் ஆலன் டெய்லர் காட்சிகளை அமைத்திருந்தார். முன்னோட்டமோ அதனை முன்கூட்டியே உலகறியச் செய்துவிட்டது. அச்செயல் தமக்கு உடன்பாடன்று என அவர் பின்னர் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

இவ்வாறு மிகுதியாகச் சொல்லிவிடுவதற்குக் காரணம் என்ன? ஒரு படத்தை ஆக்குதற்குப் பெரும்பொருள் செலவாகின்றது. அப்பொருள் திரும்பி வருவது படம் வெளியாகும் முதற்சில நாட்களையே பெரிதும் சார்ந்துள்ளது. போட்டியிடும் படங்களும் பல. ஆகவே, விளம்பரம் செய்வோர் தம்மிடம் உள்ள சிறந்த சரக்கையெல்லாம் கடை வாயிலிலேயே பரப்பிவிடுகின்றனர். நகைச்சுவைப் படமாயின் சிறந்த நகைச்சுவைகளும், வீரப் படமாயின் மிகப் பெரிய சண்டைகளும் முன்னோட்டத்திலேயே தீர்ந்துபோகின்றன. முன்னோட்டங்களின் நீளமும் ஒரு காலத்தில் பூசலுக்கு உள்ளாயிற்று. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர் சங்கத்தார், முன்னோட்டம் 2 நிமிடங்களுக்கு மேற்படலாகாது என்று தம் விருப்ப நெறிகளில் வகுத்தனர். அதற்கு முன் இரண்டரை நிமிடம் வரையில் ஓடுவது வழக்கமாக இருந்தது. நேரம் சுருங்கினால் சொல்வதும் சுருங்கும் என எண்ணலாம். எனினும், முடிவைக் காட்டிவிட 2 நொடிகளே போதும் என்பதை மறத்தலாகாது.

மிகுதியாகச் சொல்லுதலே நன்று என்று வாதிடுவோரும் உளர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'காஸ்ட் அவே' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். வானூர்தி விபத்தில் தப்பிய ஒருவன் ஆளில்லாத் தீவில் தனியே அகப்படுகின்றான். அவன் மீள்வானோ, மாளானோ என்பதே காண்போர் நெஞ்சில் எழும் பெருவினா. அவ்வினாவிற்குரிய விடையையும் அப்படத்தின் முன்னோட்டம் காட்டிவிட்டது. இதனைக் குறை கூறியவர்களுக்கு அதன் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் மறுமொழி கூறினார். மக்கள் தாம் காணப்போவது இன்னது என்பதை முழுதும் அறிந்துகொண்ட பின்னரே படத்திற்கு வர விரும்புகின்றனர் என்பது அவர் கருத்து. எங்குச் சென்றாலும் ஒரே சுவையில் உணவு தரும் கடையை மக்கள் நாடுவதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார்.

இக்கருத்தை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. பொருள் கொடுத்து வாங்குபவர், வாங்குவது இன்னதென்று அறிய விரும்புதல் முறையே. அன்றியும், முடிவை முன்னரே கூறும் வழக்கம் பண்டை இலக்கியங்களிலும் உண்டு. சிலப்பதிகாரத்தின் பதிகம், கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரியுண்டதையும் நூலின் வாயிலிலேயே உரைத்துவிடுகின்றது. கிரேக்க நாடகாசிரியராகிய யூரிப்பிடீஸ் கி. மு. 428-இல் அரங்கேற்றிய 'இப்போலிட்டஸ்' என்னும் நாடகத்தில், முதற்காட்சியில் தோன்றும் தெய்வமே கதைத்தலைவன் அன்று மாளப்போவதைக் கூறிவிடுகின்றது. நம் ஊர்த் தெருக்கூத்தில் விடியுமட்டும் அமர்ந்து பாரதக் கதை காண்போர், பாஞ்சாலியின் சபதம் நிறைவேறும் என்பதை அறியாதவர்களா? அறிந்தும் கண் விழித்துக் காண்கின்றனர், கண்ணீரும் விடுகின்றனர்.

அறிவியல் முறையிலும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலார் இருவர் 12 சிறுகதைகளைக் கொண்டு ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முடிவை முன்னரே அறிந்து படித்தோர், அறியாது படித்தோரைக் காட்டிலும் அக்கதைகளைச் சற்று மிகுதியாகவே விரும்பினர் என்பது அவர்கள் கண்டது. ஆனால், 2015-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு மாறான விடையைத் தந்தது. முடிவை முன்னரே அறிந்தவர்க்குக் கதையின் இன்பம் குறைந்தது என அது கூறிற்று. ஆகவே, ஆய்வுகளும் இதுகாறும் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறவில்லை.

நாம் சற்றே ஆழ்ந்து நோக்கினால், கதையில் இருவகை இன்பம் இருத்தலை அறியலாம். 'என்ன நிகழும்?' என்று எதிர்நோக்கி அறியும் இன்பம் ஒன்று; 'எவ்வாறு நிகழ்கின்றது?' என்று நுணுகிச் சுவைக்கும் இன்பம் மற்றொன்று. கண்ணகியின் கதையில் நாம் பெறுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனை எத்தனை முறை வேண்டுமாயினும் பெறலாம். பத்து முறை கேட்ட பாட்டும் பதினோராம் முறை இனிப்பது இதனால்தான். முதல்வகை இன்பமோ ஒருவனுக்கு ஒரு கதையில் ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். அறிந்துகொள்ள விரும்புபவன் எந்நேரமும் அறிந்துகொள்ளலாம். அறிந்ததை அறியாமல் ஆக்கிக்கொள்ளுதல் எவராலும் இயலாது. ஆகவே, முடிவை முன்னரே அறிவதா வேண்டாவா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை காண்பவனுக்கே உரியது. சிலப்பதிகாரத்தைக் கையில் எடுப்பவன் பதிகத்தைத் தள்ளிவைத்துவிட்டும் படிக்கலாம். திரையரங்கில் வேறொரு படம் காண அமர்ந்திருப்பவன்முன் முன்னோட்டம் அழையாமலே வருகின்றது. கண்ணை மூடினாலும் காதில் விழுகின்றது. கேளாதவர்க்கு விடையைத் திணித்தல் அறமாகுமா?

விடையை மறைத்தும் மக்களை வரவழைத்தல் கூடும் என்பதற்கு ஆல்பிரட் ஹிட்ச்காக் சான்றாக விளங்குகின்றார். மருமப் படங்கள் எடுப்பதில் புகழ்பெற்ற அவர், 1960-ஆம் ஆண்டில் 'சைக்கோ' என்னும் படத்தை வெளியிட்டார். எவரும் எதிர்பாராத திருப்பங்கள் அதில் இருந்தன. அவை யாவை என்பதை இப்பாடத்திலும் கூறுதல் முறையன்று. அதன் முன்னோட்டம் ஆறு நிமிடத்திற்கு மேல் ஓடியது. படத்தின் காட்சிகளை அடுக்கிக் காட்டுவதற்கு மாறாக, ஹிட்ச்காக் தாமே அதில் தோன்றினார். ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டியைப் போல, கதை நிகழும் விடுதிக்கும் அதன் அருகே உள்ள பழைய வீட்டிற்கும் நம்மை அழைத்துச் செல்கின்றார். படிக்கட்டைக் காட்டி, இங்கேதான் கொடுஞ்செயல் நிகழ்ந்தது என்பார், விவரிக்கத் தொடங்குவார், முகத்தைச் சுளித்துப் பாதியில் நிறுத்திவிடுவார். அறைக்கு அறை இவ்வாறே ஆவலை வளர்த்துக்கொண்டு போகின்றார். எங்கே நிகழ்ந்தது என்பதை நாம் அறிகின்றோம். யார், ஏன் என்பவற்றை அறிவதில்லை.

அதனுடன் அவர் நிற்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்க மக்கள் படம் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது எந்நேரமும் உள்ளே நுழைவதும், பின்னர் அடுத்த ஆட்டத்தில் விட்ட பகுதியைக் காண்பதும் உண்டு. 'சைக்கோ' தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு விதி வகுத்தார். அதனை வாயில்களில் அறிவிப்பாகவும் வைத்தனர். வணிகம் கெடும் என அஞ்சினோரும் இருந்தனர். ஆனால், மக்கள் வாயிலில் வரிசையாகக் காத்து நின்றனர். படமும் பெருவெற்றி பெற்றது. மறைத்தல் வணிகத்திற்குப் பகை என்னும் எண்ணம் பிழையென்பது இதனாற் புலப்படும்.

இனி, இதற்கு எதிரான மற்றொரு குற்றத்தையும் காண்போம். முடிவை மறைத்தல் வேறு. படத்தின் தன்மையைத் திரித்துக் கூறுதல் வேறு. 2019-ஆம் ஆண்டில் 'எஸ்டர்டே' என்னும் ஆங்கிலப் படம் வெளிவந்தது. அதன் முன்னோட்டத்தில் அனா டி அர்மாஸ் என்னும் நடிகை தோன்றினார். ஆனால், அவர் நடித்த பகுதி இறுதித் தொகுப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அவர் நடிப்பைக் காணவே பொருள் கொடுத்ததாகக் கூறி இருவர் 2022-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். முன்னோட்டமும் கலைப்படைப்பே, ஆதலின் பொய் விளம்பரச் சட்டம் அதற்குச் செல்லாது என்பது படக்கம்பெனியின் வாதம். கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. முன்னோட்டம் பொருளை விற்பதற்கான விளம்பரமே என்றும், இன்ன நடிகை படத்தில் இருக்கிறார் என்று மக்கள் நம்புமாறு செய்தால் அச்சட்டத்திற்கு உட்படும் என்றும் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் கூறிற்று. எனினும், வேறு சட்டக் காரணங்களால் 2023-ஆம் ஆண்டில் அவர்களுடைய வழக்கு நிலைபெறவில்லை.

நம் நாட்டிலும் இதனையொத்த வழக்கு ஒன்று எழுந்தது. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபேன்' என்னும் இந்திப் படத்தின் விளம்பரங்களில் ஒரு பாடல் பலகாலும் காட்டப்பட்டது. படத்திலோ அப்பாடல் இல்லை. ஏமாற்றமடைந்த பார்வையாளர் ஒருவர் நுகர்வோர் மன்றத்தை அணுகினார். மேல்முறையீட்டில் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் அளிக்குமாறு ஆணை பிறந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அந்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. விளம்பர முன்னோட்டம் மக்களைப் படம் காணத் தூண்டுவது மட்டுமே. அது ஓர் ஒப்பந்தமோ வாக்குறுதியோ ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இருநாட்டு நீதிமன்றங்களும் இவ்வாறு வெவ்வேறு வகையாகக் கூறியதனின்று நாம் அறிவது யாது? சட்டம் காக்கும் எல்லை குறுகியது. சட்டப்படி வாக்குறுதி ஆகாத ஒன்றும், மக்கள் மனத்தில் வாக்குறுதியாகப் பதியக்கூடும். விளம்பரத்தில் கண்ட பாடலைத் திரையில் எதிர்பார்த்துச் சென்ற ஒரு குழந்தைக்குச் சட்ட நுணுக்கம் விளங்குமா? அடுத்த முறை அக்கம்பெனியின் விளம்பரத்தைக் காணும்பொழுது அக்குழந்தை ஐயுறும். வணிகத்தில் நம்பிக்கையே முதல். அம்முதல் ஒருமுறை கரைந்தால் மீண்டும் சேர்த்தல் அரிது.

மேலே கண்டவற்றால் முன்னோட்டத்திற்கு உரிய இலக்கணத்தை ஒருவாறு வகுத்துக்கொள்ளலாம். படம் எவ்வகையது என்பதை அது மெய்யாகக் கூறுதல் வேண்டும். நகைச்சுவையோ, துயரக் கதையோ, அச்சம் தருவதோ என்பது காண்போர்க்குத் தெரிதல் வேண்டும். கொடிய காட்சிகள் நிறைந்த படத்தைக் குடும்பப் படம் போலக் காட்டினால், குழந்தைகளுடன் வரும் பெற்றோர் இடர்ப்படுவர். கதை நிகழும் இடமும் காலமும், அதில் வரும் முதன்மையான மாந்தரும், அவர்களுக்கு நேர்ந்த சிக்கலும் ஓரளவு புலப்படலாம். அச்சிக்கல் எவ்வாறு அவிழும் என்பதை மட்டும் படத்திற்கே விட்டுவிடுதல் வேண்டும். சுருங்கச் சொன்னால், முன்னோட்டம் படத்தின் தன்மையை மறைத்தலும் குற்றம். முடிவை உரைத்தலும் குற்றம். வினாவை நேர்மையாக எழுப்புதல் அதன் கடமை. விடை கூறுதல் படத்தின் கடமை.

இக்கடமை விளம்பரம் செய்வோர்க்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உண்டு. 1955-ஆம் ஆண்டில் வெளிவந்த 'லே தியபோலிக்' என்னும் பிரெஞ்சுப் படத்தின் இறுதியில், கண்டதை நண்பர்களிடம் கூறி அவர்கள் ஆவலைக் கெடுத்துவிடாதீர் என்னும் வேண்டுகோள் திரையில் தோன்றியது. லண்டன் மாநகரில் அகதா கிறிஸ்டி என்னும் அம்மையார் எழுதிய 'எலிப்பொறி' நாடகம் 1952-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் நின்று, மறு ஆண்டில் மீண்டும் தொடர்ந்தது. அந்நாடகத்தின் இறுதியில், குற்றவாளி யார் என்பதை வெளியில் சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ளுதல் மரபு. அதனைக் காக்குமாறு எந்தச் சட்டமும் மக்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எத்தனையோ ஆயிரவர் முகமறியாத பிறர்பொருட்டு அம்மறையை விரும்பிக் காத்துவந்துள்ளனர்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உள்ளது. முதல் நாள் முதல் ஆட்டம் கண்டவர் ஒரு வரி எழுதினால், அடுத்த நிமிடம் அது நூறு பேரை அடைகின்றது. அந்நூறு பேரில், பல நாள் காசு சேர்த்து வார இறுதியில் அப்படத்தைக் காணக் காத்திருக்கும் தோழனும் ஒருவனாக இருக்கலாம். படம் நன்றாக உள்ளதா, உள்ளத்தைத் தொட்டதா, குடும்பத்துடன் காணத் தக்கதா என்பவற்றை அவனுக்குத் தாராளமாகக் கூறலாம். அவன் தானே கண்டு வியக்க வேண்டியதை மட்டும் அவனுக்கென விட்டுவைத்தல் வேண்டும். அஃது ஒரு சிறு பண்பே ஆயினும், பிறர் இன்பத்தைத் தன் இன்பம்போல் மதிப்பவரிடமே காணப்படுவது.

பாட்டி வெற்றிலை மடித்து முடித்துவிட்டாள். பிள்ளைகள் கண்களை அகல விரித்து அவள் முகத்தையே நோக்குகின்றனர். குகைக்குள் இருப்பது யாது என்பதை அறிந்த மூத்த பையனும் அங்கேதான் இருக்கின்றான். தம்பியின் முகத்தில் எழும் ஆவலைக் கண்டு, அவன் இப்பொழுது வாய் திறவாமல் புன்முறுவல் செய்கின்றான். முன்பு ஒரு நாள் அதே இடத்தில் தான் அடைந்த வியப்பைத் தம்பியும் அடைதல் வேண்டும் என்பது அவன் எண்ணம். பாட்டுப் புத்தகத்தின் கடைசி வரி கற்பிக்கும் பாடமும் அதுவே.